கஞ்சி வேளையில் பாத்தி வேலை

பள்ளிக்கூடத்தில் கஞ்சிப் பானை வைக்கும் எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால், அடுப்பு எங்கே, விறகு எங்கே என்று யோசிப்பதற்கு முன்னால், தண்ணீரை யார் எடுப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் முடிவு செய்யாவிட்டால் வேறு யாராவது முடிவு செய்வார்கள். பிறகு அவர்களுடைய முடிவுக்கு நீங்கள் பாட நேரசூசி தயாரித்துக் கொடுப்பீர்கள். நான் கொடுத்தேன். நன்றாகவே தயாரித்துக் கொடுத்தேன்.

உங்கள் ஆசிரியர் சங்கத்துச் செயலாளர் போன வாரம் பதுளைக்கு வந்து, எங்கள் குடும்பக் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் என்னைப் பிடித்தார். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்றார். எதைப் பற்றி என்பதையும் அவரே சொன்னார்: குடும்பங்களின் ஒத்துழைப்பு, நல்ல ஆகாரம், மாணவர் கைவேலை. "நீங்கள் மூன்றிலும் பேர் வாங்கினவர், ஐயா." வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்று எழுதினால் சங்கப் பத்திரிகையில் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, இடம் இருந்தால் போடுவோம் என்றார். கெட்டிக்காரர். நெடுநாள் செயலாளராக இருப்பார்.

பள்ளித் தோட்டம் பற்றிய விதிகளை நான் எழுதப் போவதில்லை. பாத்தி எவ்வளவு அகலம், வரம்பு எவ்வளவு உயரம், எருவை எங்கே குவிப்பது என்பதெல்லாம் அச்சடித்து வரும், படித்துக்கொள்ளலாம். அச்சில் வராத ஒன்று உண்டு. அப்புத்தளைப் பக்கம் ஓர் ஆசிரியர் இருந்தார். நல்ல மனிதர், பயிர்தான் அவருக்கு வரவில்லை. பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் சந்தையில் முட்டைக்கோவா வாங்கி வந்து, வரிசை பிசகாமல் மண்ணில் பதித்து வைத்தார். இன்ஸ்பெக்டர் ஒன்றைப் பாராட்டித் தட்டிக் கொடுத்தார். அது உருண்டு வரம்பைத் தாண்டி, சரிவில் இறங்கிப் போயே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஊவா மாகாணம் முழுக்க ஆசிரியர்கள் சிரித்தோம். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்தான். ஏனென்றால் என் பாத்திகளில் எல்லாமே வேர் பிடித்து நின்றன. போலியாக ஒரு கீரைத்தண்டுகூட அங்கே இல்லை. போலி வேறு இடத்தில் இருந்தது.

பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் கோப்பிக் காலத்தில் கட்டிய ஒரு ஸ்டோர். நோய் வந்து கோப்பிச் செடிகள் செத்த பிறகு அதில் உடைந்த கூடைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று சட்டம் வந்தபோது கூடைகளை வெளியே எடுத்துவிட்டு எங்களைப் போட்டார்கள். நான் பயிற்சி பெற்றவன். பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளோடும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவன். இந்த இரண்டையும் எப்போதும் நினைவில் வைத்திருந்தேன். பிறருக்கும் அடிக்கடி நினைவூட்டினேன்.

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கங்காணி ஆள் பிரிப்பார். தாயும் தகப்பனும் மலைக்கு ஏறிவிடுவார்கள். பிள்ளைகள் முதல்நாள் மிச்சம் இருந்தால் அதைத் தின்றுவிட்டு, இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு எங்களிடம் வருவார்கள். உச்சிப் பொழுதுக்குள் வாசிப்பு வகுப்பில் தலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். முதலில் நான் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். சோம்பலுக்குப் பிரம்பு வைத்திருந்தேன். தோட்டத்து மருந்துக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வாத்தியார், அந்தப் பெரம்ப வித்து அரிசி வாங்குங்க. அதுதான் வியாதி" என்றார்.

அவர் சொன்ன அதே வாரத்தில் பூவாயி விழுந்தாள். ஒன்பது பத்து வயதிருக்கும். முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே வெளுத்துப் போன பிள்ளை. சிலேட்டைக் காட்ட எழுந்து வந்தவள் பாதி வழியில் அப்படியே மடங்கி, மயங்கிச் சரிந்தாள். சிலேட்டை மட்டும் உடையாமல் பிடித்துக்கொண்டாள். கண் திறந்ததும் அதைத்தான் முதலில் தேடினாள். உடைந்தால் நான் அடிப்பேன் என்ற பயம்.

அன்று சாயங்காலமே தோட்டத்துத் துரையைப் பார்க்கப் போனேன். இந்த ஒரு காரியத்தை நான் தாமதிக்காமல் செய்தேன் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். இனிமேல் சொல்லிக்கொள்ள எதுவும் வரப்போவதில்லை. துரை கேட்டுவிட்டு யோசித்தார். தினமும் மத்தியானம் ஒரு பானைக் கஞ்சிக்கு ஸ்டோரிலிருந்து அரிசி தருவதாகச் சொன்னார். கீரையும் காயும் பிள்ளைகளே பள்ளித் தோட்டத்தில் விளைவிக்க வேண்டும். சமைப்பதற்குத் தாய்மாரில் ஒருவரை மலையிலிருந்து முறை போட்டு விடுவார். ஒரே ஒரு நிபந்தனை: இன்ஸ்பெக்டர் வரும்போது பள்ளிக்கூடம் நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரிசி நின்றுவிடும். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கும் நிபந்தனைகள் உண்டு.

தோட்டத்தில் ஆட்கள் குடியிருந்த லயங்கள் இரண்டு வரிசை. மேல் லயத்தில் பெரிய கங்காணியின் சொந்தக்காரர்கள், அவரோடு ஒத்த சாதிக்காரர்கள். ஓடைக்குக் கீழே கீழ் லயம். நடுவில் இருந்தது ஓடை மட்டுமல்ல என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் பீலிகூட ஆளுக்கொன்று. பள்ளிக்கூடத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே தரை. யார் எங்கே உட்காருவது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லாமலே அவர்கள் நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் விட்டு உட்கார்ந்ததை நான் பார்க்காமல் இருந்தேன். பார்த்திருந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

பாத்திகள் என்று வந்தபோது கீழ் லயத்துப் பிள்ளைகளை யாராலும் வெல்ல முடியவில்லை. தண்டுக்கீரை, பந்தலில் போஞ்சிக்காய், நோக்கோல் எல்லாம் அவர்கள் கையில் எழுந்து நின்றன. அவர்களில் பூவாயி எழுத்தில் சுமார். ஆனால் அவள் பாத்திக் கீரை மட்டும் மற்றவர்களுடையதைவிட ஒரு சாண் கூட நிற்கும். "என்னடி போடுறே அதுக்கு?" என்று மேல் லயத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். "பாட்டுப் பாடுறேன்" என்பாள். "ஒன் கொரலுக்கு அது பயந்துல்ல வளருது" என்பார்கள். பாத்தியில் இரண்டு லயத்துப் பிள்ளைகளுக்கும் பேச்சு இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

முதல் கஞ்சி நாளன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமைக்க வரவேண்டிய மீனாட்சி, பெரிய கங்காணியின் தம்பி மனைவி, இன்னும் வந்து சேரவில்லை. அடுப்பு எரிகிறது. பானை காலி. பாத்திக்குத் தண்ணீர் எடுத்துப் பழகியவள் பூவாயி; பக்கத்தில் நின்றாள். குடத்தை அவள் கையில் கொடுத்து, "ஓடிப் போய்த் தண்ணி கொண்டா" என்றேன். அவள் ஓடினாள். கிட்ட இருந்த பீலி கீழ் லயத்துப் பீலி. இது துணிச்சல் அல்ல, சீர்திருத்தமும் அல்ல. நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மீனாட்சி வந்து, அரிசியையும் கீரையையும் போட்டு, கொதித்ததும் அகப்பையால் கிண்டி, உப்புப் பார்த்தாள். பிள்ளைகள் தகரத் தட்டுகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"ஆமா, தண்ணி யாரு எடுத்தா?"

மேல் லயத்துப் பெண்பிள்ளை ஒன்று, கோள் சொல்லும் எண்ணம் இல்லாமலே, "பூவாயி" என்றது.

மீனாட்சி அகப்பையைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. வாயை முந்தானையால் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "எந்திரிங்க எல்லாரும். வாங்க வீட்டுக்கு" என்று தன் பக்கத்துப் பிள்ளைகளை எழுப்பினாள். பிறகு என்னிடம், "வாத்தியாரய்யா, நீங்க படிச்சவங்க. ஒங்களுக்கு நான் சொல்லணுமா? எங்க புள்ளைங்க பட்டினியாக் கெடந்தாலும் கெடக்கட்டும்" என்றாள்.

போய்விட்டார்கள். நிறைந்த பானையும் கீழ் லயத்துப் பிள்ளைகளும் நானும் மிஞ்சினோம். கஞ்சியை வீணாக்கக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்ததால் நானே ஊற்றினேன். அவர்கள் வயிறு முட்டக் குடித்தார்கள். பூவாயி திரும்பத் திரும்ப வந்து வாங்கினாள். கடைசியில் தட்டை நக்கிவிட்டு என்னிடம் கேட்டாள்: "சாமி, இவங்க தெனமும் கோவிச்சுக்கிட்டுப் போவாங்களா?"

மறுநாளிலிருந்து மேல் லயத்துப் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான். இன்ஸ்பெக்டர் வரும் கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய கங்காணி தலைப்பாகையோடு வந்து வாசலில் நின்றார். மரியாதை தெரிந்த மனிதர். நான் சொல்லாமல் உட்காரமாட்டார், நான் சொன்னதும் என் நாற்காலியிலேயே உட்காருவார்.

"வாத்தியாரய்யா, நாங்க சட்டத்துக்கு விரோதமா ஒண்ணும் கேக்கலீங்க. அதுங்களும் படிக்கட்டும். பாத்தி கொத்தட்டும், வேணாங்கல. பச்சைக் கீரைக்கு ஒண்ணுமில்ல பாருங்க, கழுவிட்டாச் சரி. அடுப்புல ஏறினதுக்கப்புறம்தான்..."

"அப்புறம்தான்?"

"அப்புறம்தான் பாருங்க" என்றார். அதற்குமேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

நெருக்கடியில் யோசிக்க நேரம் இருக்காது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நம்பாதீர்கள். எனக்கு ஓர் இராத்திரி முழுவதும் இருந்தது. விளக்கை வைத்துக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். எந்தப் பிள்ளையையும் சேர்க்காமல் விடக் கூடாது என்று இருந்தது. எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதில் குறை வைக்கக் கூடாது என்று இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், வெந்த சோறாகத்தான் தின்ன வேண்டும் என்று எங்குமே இல்லை. விடிவதற்குள் ஏற்பாடு தயார். கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் பங்கு அரிசியையும் கீரையையும் பச்சையாகவே வீட்டுக்குக் கொடுத்துவிடுவது. மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கஞ்சி. பங்கில் ஒரு மணிகூடக் குறையாது. சரிசமம். எனக்கே என் மூளையை நினைத்து மகிழ்ச்சியாக இருந்தது.

கீழ் லயத்துக்கு நானே போய்ச் சொன்னேன். பூவாயியின் தகப்பன் எழுந்து நின்று, "சரிங்க சாமி" என்றான். நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். அவள் தாய் அங்கம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"மத்தியானம் நான் மலையில நிக்கிறேன். இந்தாளு தண்ணிக் கான் வெட்டப் போயிருவாரு. எம்புள்ள வேகாத அரிசிய வச்சுக்கிட்டு என்னா பண்ணும்?"

"ராத்திரிக்கு ஆக்கிக் குடு."

"ராத்திரிக்கு இருக்கு சாமி. மத்தியானத்துக்குத்தான் இல்ல."

பிரச்சினை முழுவதையும் அவள் அவ்வளவு சின்ன வாக்கியத்தில் வைத்துவிட்டாள். நான் துரையிடம் போனதே அந்த மத்தியானத்துக்காகத்தான். அந்த இடத்தில் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. "எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கும்மா" என்றேன். அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். அவள் புருஷன் என்னைப் பார்த்து, இவள் பேசியதற்காக மன்னிக்கச் சொல்வது போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

இனி நேரசூசி. மேல் லயத்துப் பிள்ளைகள் கஞ்சி குடிக்கும்போது மற்றவர்கள் பார்த்துக்கொண்டு இருப்பது நன்றாக இருக்காது அல்லவா? மனம் நோகும் அல்லவா? ஆகவே அந்த நேரத்தில் அவர்களுக்குப் பாத்தி வேலை போட்டேன். சரிவில் கீழ்த் தட்டுப் பாத்திகள்; அங்கிருந்து பார்த்தால் அடுப்பு தெரியாது. காற்று மட்டும் நேரசூசிக்குக் கட்டுப்படவில்லை. கஞ்சியில் கீரை விழும் வாசனை வரும்போது கீழே மண்வெட்டிச் சத்தம் ஒரு கணம் நிற்கும். பிறகு தொடரும்.

ஒருநாள் இறங்கிப் பார்த்தேன். பூவாயி பந்தலுக்குப் பின்னால் குந்தி, பச்சைப் போஞ்சியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். "அது இன்ஸ்பெக்டருக்கு வச்சிருக்கிறது, தெரியாதா?" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மீதிப் பாதியை என்னிடம் நீட்டினாள். அதை வாங்கி, என்ன செய்வது என்று தெரியாமல், சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேல் லயம் திரும்பி வந்தது. பள்ளிக்கூடம் நிரம்பியது. இன்ஸ்பெக்டர் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர், எதையும் விடாமல் பார்ப்பவர். தாய்மாரும் வந்து பார்க்க வேண்டும் என்று துரை அரைநாள் விடுமுறை கொடுத்திருந்தார். மேல் லயத்துப் பெண்கள் வாசல் பக்கம், கீழ் லயத்துப் பெண்கள் வேலியோரம். அங்கம்மாவும் வேலியோரத்தில் நின்றாள். துரை, பெரிய கங்காணி, மருந்துக்காரர் எல்லோரும் இருந்தார்கள். அன்று கீழ்த் தட்டில் பாத்தி வேலை போட முடியாது. எல்லாப் பிள்ளைகளும் கண்முன் இருக்க வேண்டும். கீழ் லயத்துப் பிள்ளைகளை மண்வெட்டிகளோடு, பள்ளிக்கூடத்தை ஒட்டிய மேல் தட்டில் அவரவர் பாத்தி அருகில் நிறுத்தினேன். பார்ப்பதற்கு அழகாகவும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கீரைப் பாத்தியின் முன் நின்றார். குனிந்து, ஒரு தண்டைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். அப்புத்தளைக் கதை அவருக்கும் தெரியும். அது அசையவில்லை.

"ஆர் நட்டது?"

"இந்தப் பிள்ளை" என்று பூவாயியைக் காட்டினேன். குரலில் பெருமை இருந்தது. அது பொய்ப் பெருமையும் அல்ல.

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊதிய கன்னத்தையும் கண்ணின் கீழ் வெளுப்பையும் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினார். மீனாட்சி அகப்பையோடு நின்றாள். "நல்லது. முதல் தட்டை இந்தப் பிள்ளைக்குக் குடுங்கோ. நான் பாக்க வேணும்" என்றார்.

மீனாட்சியின் கை அசையவில்லை. பெரிய கங்காணி என்னைப் பார்த்தார். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் புன்னகையோடு காத்திருந்தார். வாசல் பக்கத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் தோளில் கை வைத்தார்கள். ஒரு தட்டு நீட்டினால் எழுந்து போய்விடுவார்கள். போனால் பள்ளிக்கூடம் காலி, அரிசி நின்றுவிடும். இதையெல்லாம் நான் மூச்சு விடும் நேரத்தில் கணக்குப் போட்டேன். கணக்குப் போடுவதில் எனக்கு ஒருபோதும் தடங்கல் வந்ததில்லை.

"அவள் முதலே சாப்பிட்டுவிட்டாள், ஐயா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் பூவாயியிடம், "சாப்பிட்டிட்டியோ, பிள்ளை?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நான் பொய் சொன்னது மட்டும் அல்ல, தலையும் அசைத்தேன்.

"சாப்பிட்டேன் சாமி" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆசிரியருக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, "கீரைக் கஞ்சி. நெறையா" என்று சேர்த்தாள். வயிற்றைத் தடவியும் காட்டினாள்.

துரை சிரித்தார். பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்பது ஐம்பது பேர் நின்ற இடத்தில், அது பொய் என்று துரையையும், நான் நினைத்தபடி இன்ஸ்பெக்டரையும் தவிர எல்லோருக்கும் தெரியும். மீனாட்சிக்குத் தெரியும், அவள் பானையைப் பார்த்துக் குனிந்து, தேவையில்லாமல் கிண்டிக்கொண்டிருந்தாள். வேலியோரம் நான் திரும்பவில்லை. திரும்பாமலே அங்கம்மா எங்கே நிற்கிறாள் என்பது என் கழுத்தில் தெரிந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேர். துரை அரிசியைத் தொடர்ந்து கொடுப்பதாகச் சொன்னார். வண்டி வரை இன்ஸ்பெக்டரை வழியனுப்பப் போனேன். ஏறி உட்கார்ந்த பிறகு அவர் கேட்டார்: "மாஸ்டர், அந்தப் பிள்ளை நாளைக்கும் முதலே சாப்பிட்டிடுமோ?"

அவருக்கும் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி, வேண்டாம் என்று காட்டிவிட்டு, வண்டிக்காரனிடம் போகச் சொன்னார். அவர் எழுதி அனுப்பியதில் அந்தச் சந்தேகம் ஒரு வரிகூட இல்லை, பாராட்டுத்தான் இருந்தது. அந்தப் பாராட்டுக்காக அடுத்த வருஷம் எனக்குப் பதுளையில் பெரிய பள்ளிக்கூடம் கிடைத்தது. நீங்கள் என்னைத் தேடி வருவதற்கும் அதுதான் காரணம்.

பூவாயி மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கொழுந்துக் கூடையோடு தாய் பின்னால் மலைக்குப் போகிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. படிக்கிற வயதுப் பிள்ளையைக் காலை வேளையில் மலைக்குக் கூட்டிப் போகக் கூடாது; விதி இருக்கிறது. அந்த விதியை வாயில் வைத்துக்கொண்டு, மத்தியான ஓய்வு நேரமாகப் பார்த்து மலைக்கு ஏறினேன்.

முள்முருங்கை மர நிழலில் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கம்மா மடியில் துணியை விரித்திருந்தாள். அதில் கேப்பை ரொட்டி, வதக்கிய தண்டுக்கீரை. பக்கத்தில் பூவாயி இரண்டு கன்னமும் புடைக்க மென்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"நீ தின்னு" என்றாள் தாய். பிறகு எழுந்திருக்காமலே, "என்னாங்க சாமி, இவ்வளவு தூரம்?" என்றாள்.

"அங்கம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைய மலைக்குக் கூட்டிக்கிட்டு வரக் கூடாது. சட்டம் இருக்கு. துரைக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும் சாமி. இங்க யாரும் எம்புள்ளைய, திங்காமலே தின்னேன்னு சொல்லச் சொல்ல மாட்டாங்க."

நான் விதியைக் கீழே வைத்தேன். வேறு பேச்சு எடுத்தேன். பிள்ளை கெட்டிக்காரி, பாத்தி அவள் இல்லாமல் வாடுகிறது, இனிமேல் அப்படி நடக்காது, நாளையிலிருந்து எல்லோரோடும் உட்காரவைத்து அவளுக்குக் கஞ்சி கொடுப்பேன், இது என் வாக்கு என்றெல்லாம் சொன்னேன். அந்த நேரத்தில் மனமாரத்தான் சொன்னேன். அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்டேன்.

அங்கம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ரொட்டியில் பாதியைப் பிட்டாள். அதன்மேல் கீரையை வைத்து மடித்தாள். கையை நீட்டினாள்.

"அப்ப இதத் தின்னுங்க சாமி. தின்னுட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க. இப்பவே அனுப்புறேன்."

கேலி இல்லை. அவள் விலை கேட்கவில்லை, பழியும் வாங்கவில்லை. என் வாக்கு நிற்குமா என்று பார்க்க அவளிடம் இருந்த ஒரே வழி அது. பூவாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தின்றால் அவள் எழுந்து என்னோடு வந்திருப்பாள். கால்களைக்கூட மடக்கி எழுந்திருக்கத் தயாராகிவிட்டாள்.

மேலே பாதையில் கங்காணியின் ஆள் ஒருவன் கொழுந்து நிறுக்கும் தராசைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்ப்பான். சாயங்காலத்துக்குள் மேல் லயம் முழுக்கத் தெரியும். பிறகு என் கையால் எவரும் ஒன்றும் வாங்கமாட்டார்கள். பள்ளிக்கூடம், அரிசி, துரை... எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அவையெல்லாம் பிறகு வந்தவை. முதலில், என் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பதுளையில் எங்கள் கடைக்குக் கீழ் லயத்து ஆட்களைப் போன்றவர்கள் வந்தால் காசைப் பலகையில் வைக்கச் சொல்லி, அவர்கள் கை விலகிய பிறகு எடுத்துக்கொள்வோம். மிஷன் வாங்கில் உட்கார்ந்து நான் படித்த எதுவும் அந்தக் கை வரைக்கும் வந்து சேரவில்லை.

அவள் கை தாழாமல் நின்றது. பிறகு அவளாகவே அதை மடக்கி, ரொட்டியைப் பூவாயியின் கையில் வைத்தாள். பிள்ளை கால்களை மறுபடி நீட்டிக்கொண்டு தின்னத் தொடங்கியது.

"மழ வர்ற மாதிரி இருக்கு சாமி" என்றாள் அங்கம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "நனையிறதுக்குள்ள எறங்கிப் போங்க."

வானம் வெளுத்துக் கிடந்தது. எங்கும் ஒரு மேகம் இல்லை. "ஆமாம், வரும்போலத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நான் இறங்கினேன்.